புல்லுக்கு நடுவில பங்கர்

"டொறத்தி மோட்சத்துக்குப் போனாலும் வாசலில திறப்போட நிக்கிற இராயப்பரிட்ட அடையாள அட்டை கேப்பாள்" எண்டு என்ர மனிசன் றொனால்ட் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிவார். கேக்கத்தானே வேணும்! திறப்பை வைச்சிருக்கிறவனெல்லாம் வீட்டுக்காரனோ? சந்தேகப்படாமல் இருந்திருந்தால் நான் கொழும்பு லொட்ஜிலயே பொலிஸிட்டப் பிடிபட்டிருப்பன். இஞ்ச இருந்து கதைக்க டொறத்தி எண்டொரு ஆள் இருந்திருக்காது.

நான் வேலை செய்யிறது ஜேர்மனியில, மோனசே ஏரிக்குப் பக்கத்தில ஒரு கோல்ஃப் ஹோட்டலில. ஊன்ட்றொப் அம்பாள் கோயிலடியில இருந்து காரில தெற்கால ஒரு அரை மணித்தியாலம். காலமைச் சாப்பாட்டு மண்டபம் என்ர பொறுப்பு. இந்த ஏரியின்ர அணையைத்தான் ரெண்டாம் உலகச் சண்டையில இங்கிலிஸ்காரன் பிளேனில வந்து குண்டு போட்டு உடைச்சவன். ஒரே இரவில வெள்ளம் வந்து ஆயிரத்துக்கு மேல சனம் செத்ததாம். இப்ப அதே இங்கிலிஸ்காரன்ர பேரப்பிள்ளையள் பஸ் பிடிச்சு வருவினம். காலமை கோல்ஃப், பின்னேரம் அணை. அணைக்கு மேல நிண்டு படம் எடுத்துப்போட்டு, "எவ்வளவு அமைதியான இடம்" எண்டு சொல்லிச் சொல்லி அடுத்த நாள் என்ர முட்டைப் பொரியலைச் சாப்பிடுவினம். காட்டுக்குள்ள ஒரு பழைய கொங்கிறீட் பங்கர் இருக்கு, அதையும் எங்கட முதலாளியம்மா ஃபிறவ் ஹெல்மிக் விளம்பரத் துண்டில வடிவாப் போட்டிருக்கிறா. கோல்ஃபைப் பற்றி எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது. சப்பாத்து மண்ணோட வந்து கம்பளத்தில நடக்கிற ஆக்களின்ர விளையாட்டு. எனக்கு அவ்வளவு தெரிஞ்சால் காணும்.

இது ரெண்டாயிரத்து ஒன்பதாமாண்டு ஏப்ரலில நடந்தது. அந்த ஏப்ரல் எங்கட சனத்துக்கு எப்பிடிப் போனதெண்டு நான் சொல்லத் தேவையில்லை.

என்ர தங்கச்சி பிளோறன்ஸ், அவளின்ர மனிசன் அசோகன், மகள் கொறற்றி, மூண்டு பேரும் முல்லைத்தீவுக் கரையில. எங்கட அப்பா மன்னாரில இருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போய் அந்தக் கரையில வாங்கின காணி அது. கொஞ்சம் பனை, கொஞ்சம் தென்னை, மிச்சம் எல்லாம் மணல். பிளோறன்ஸுக்குச் சீதனமாக் குடுத்தது. சண்டை சுருங்கிச் சுருங்கிக் கடைசியா அந்தக் கரையிலதான் வந்து நிண்டது. மற்றச் சனம் ஊர் ஊரா ஓடி அங்க வர, இவை தங்கட காணியிலேயே செல்லடிக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டிக்கொண்டு இருந்தவை. பெப்ரவரியில ஒருக்கால் ஃபோன் கிடைச்சது. "அக்கா, அம்மான்ர சீலையளைக் கிழிச்சுச் சாக்காத் தைச்சு மண் நிரப்பி அடுக்கியிருக்கிறம். அந்த நீலச் சீலையும் போட்டுது" எண்டு பிளோறன்ஸ் சொன்னாள். கொறற்றி பறிச்சு வாங்கி, "கூட்டன் மோர்கன், பெரியம்மா! பங்கருக்குள்ள இருந்து ஜேர்மன் பாடமாக்கினது" எண்டு சிரிச்சவள். அதோட கட்.

எனக்குப் பிள்ளையில்லை. கொறற்றிக்கு நான்தான் ஞானத்தாய், பேர் வைச்சதும் நான். பத்தொன்பது வயசு. எப்பிடியும் இஞ்ச கூப்பிடுறதெண்டு அறையில ஒரு கட்டில்கூட வாங்கிப் போட்டனான். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இருக்கினமோ இல்லையோ, அதை மட்டும் ஆராவது சொல்லுங்கோ எண்டு கெவலார் மாதாவுக்கும் நேத்தி வைச்சன், ஊன்ட்றொப் அம்பாளுக்கும் நேத்தி வைச்சன். "ரெண்டு பேரும் கோவிக்கப் போகினம்" எண்டார் றொனால்ட். கோவிக்கட்டும். ஆராவது ஒராள் அந்த ஃபோனை எடுக்க வைச்சால் சரி.

இந்தச் சீரில, பாஸ்கு, அதுதான் ஈஸ்டர், முடிஞ்ச கிழமை இங்கிலிஸ்காரற்ர பஸ் ஒண்டு வந்தது. அதுக்குள்ள இருந்து ஒரு மண்ணிறச் சப்பாத்துக்காரன் இறங்கினான். ஆளும் எங்கட நிறம். நாப்பத்தைஞ்சு வயசு இருக்கும், கட்டை, தலையில வெள்ளைத் தொப்பி, முதுகில மட்டைப் பை. "ஹெர் நவா, மொரிசியஸ் ஆள்" எண்டு ஃபிறவ் ஹெல்மிக் எனக்கு அறிமுகப்படுத்தி வைச்சா. நான் "கூட்டன் மோர்கன்" எண்டன். அவரும் எண்டார். என்னை மேலயும் கீழயும் ஒருக்காப் பாத்துப்போட்டுக் கண்ணை எடுத்திட்டார்.

மொரிசியஸாம். எனக்குக் காது குத்தியாச்சு. வெறுந்தேத்தண்ணி கேட்டார். நான் கொண்டுபோய் வைச்சுப்போட்டு யன்னல் துடைக்கிற மாதிரி நிண்டன். மனிசன் சீனிக்கட்டியைக் கோப்பைக்குள்ள போடேல்லை. உள்ளங்கையில வைச்சு, ஒரு கடி, ஒரு முறடு, ஒரு கடி, ஒரு முறடு. பாம்பின் கால் பாம்பறியும். மொரிசியஸில எந்த ஊரில எங்கட ஆக்கள் மாதிரித் தேத்தண்ணி குடிக்கிறவை?

பிறகு நான் கண்ணை எடுக்கேல்லை. மற்றவை பந்து அடிக்கப் போனால் அடிச்சுப்போட்டு வருவினம். இவர் அடிக்கிறதிலும் பாக்க, நடந்து அளக்கிறதுதான் கூட. புல்லைக் குனிஞ்சு தட்டிப் பாப்பார். மண்ணைக் கிள்ளி முகருவார். ஆக்களைப் படம் எடுக்கமாட்டார், நிலத்தை எடுப்பார். அணைக்குப் போன இடத்தில மற்றவை தண்ணியைப் பாக்க, இவர் திரும்பி நிண்டு பஸ் நிப்பாட்டுற இடத்தையும் ரிக்கற் விக்கிற கூட்டையும் படம் எடுத்தவராம். பஸ் ஓட்டுறவன் எனக்குச் சொல்லிச் சிரிச்சவன். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

வீட்ட வந்து றொனால்டிட்டச் சொன்னன். அவர் அப்ப வேலைக்கு லீவு போட்டுப்போட்டு சண்டையை நிப்பாட்டச் சொல்லி நடந்த டுசல்டோர்ஃப் ஆர்ப்பாட்டத்துக்குப் போய் வாறவர். அங்க எதிர்ப்பக்கத்தில நிண்டு ஆரோ ஆக்களைப் படம் எடுக்கிறாங்கள் எண்டு கதை அடிபட்டது. இலங்கைத் தூதரகத்து ஆள் எண்டு சிலர், வேற ஆள் எண்டு சிலர். எங்கட சனம் அப்ப தன்ர நிழலையும் திரும்பிப் பாத்துத்தான் நடந்தது.

"உங்களைத் தேடித்தான் வந்திருக்கிறான்" எண்டன்.

"என்னையோ? நான் ஆர், தளபதியோ? பேக்கரியில மாவு குழைக்கிறவன்."

"கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பக்கூடாது எண்டு சும்மாவே சொன்னவை?"

"நானும் கட்டைதானே டொறத்தி. இருவது வருசமா நம்பிக்கொண்டுதானே இருக்கிறாய்."

"ஆர் சொன்னது நம்புறனெண்டு?" எண்டன். அவர் சிரிச்சுக்கொண்டு படுக்கப் போட்டார்.

அடுத்த நாள் காலமை எல்லாரும் சாப்பிட்டு எழும்பினாப் பிறகு, அவர் மட்டும் வெளி விறாந்தையில நிண்டு ஃபோன் கதைச்சுக்கொண்டு நிண்டார். நான் மேசை துடைச்சுத் துடைச்சுக் கதவடிக்குப் போனன். தமிழ்! அச்சொட்டா எங்கட தமிழ்.

"இல்லை மச்சான், நேற்று முழுக்கப் பங்கருக்குள்ளதான். அடிக்கிறன், அடிக்கிறன், வெளியில வந்தால்தானே! மண்ணெல்லாம் பறக்குது, அது அப்பிடியே கிடக்குது. கடைசியில ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு கையால தூக்கி வெளியில எறிஞ்சுபோட்டன்."

எனக்குக் கையில இருந்த துணி விழுந்திட்டுது. மாதாவே! பங்கருக்குள்ள அடிக்கிறானாம். தூக்கி எறிஞ்சானாம். ஆரை? சொல்லிப்போட்டுச் சிரிக்கிறான், நாசமறுப்பான். என்ர கண்ணுக்குள்ள பிளோறன்ஸின்ர சீலைச் சாக்குத்தான் நிண்டது. வேலை போனால் போகட்டும், பொலிஸ் வந்தால் வரட்டும் எண்டு கோப்பிக் கேத்தலையும் தூக்கிக்கொண்டு நேர முன்னுக்குப் போய் நிண்டன்.

"தம்பி, நீர் ஆர்?"

மனிசன் ஃபோனைக் கையால பொத்திக்கொண்டு "சொறி?" எண்டார்.

"சொறியும் சிரங்கும். சீனியைக் கையில வைச்சுக் கடிக்கிற மொரிசியஸ்காரனை நான் இண்டைக்குத்தான் காணுறன். பங்கருக்குள்ள ஆரை அடிச்சனீர்? ஆரைத் தூக்கி எறிஞ்சனீர்? சொல்லும்! இல்லாட்டி இந்தக் கொதிகோப்பி உம்மட மூஞ்சையிலதான்!"

அவர் என்னைப் பாத்தார், கேத்தலைப் பாத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்குது, கண்ணால தண்ணி வருது. "அக்கா, கேத்தலைக் கீழ வையுங்கோ. வாங்கோ, ஒண்டு காட்டுறன்" எண்டு யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "உதில பாருங்கோ, புல்லுக்கு நடுவில குழி மாதிரி, மணல் போட்டுக் கிடக்கெல்லே? விளையாட்டில அதுக்குப் பேர்தான் பங்கர். பந்து அதுக்குள்ள விழுந்தால் எடுக்கிறது பெரிய பாடு. நான் அடிச்சது பந்தை அக்கா, பந்தை!"

அந்த மணல் குழியளை நான் ஆறேழு வருசமாப் பாக்கிறன். பூனை மூத்திரம் பேஞ்சிட்டுப் போறதுக்கு விட்டிருக்கிறாங்கள் எண்டுதான் நினைச்சிருந்தனான். அதுக்கும் பங்கராம்! எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. பெப்ரவரிக்குப் பிறகு நான் சிரிச்சது அண்டைக்குத்தான். நிறுத்த ஏலாமல் சிரிச்சன், சிரிச்சுக்கொண்டே அழுதன். அவர் ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்தினார்.

"உங்களைக் கண்டு நான்தானக்கா பயந்தனான்" எண்டார். "இஞ்சத்தை அமைப்பு ஆக்கள் ஆரோ, சண்டைக்குக் காசு கேக்கப் போகினம் எண்டு நினைச்சன். அதுதான் மொரிசியஸ். என்ர பேர் நவரத்தினம். லண்டன். சொந்த இடம் பருத்தித்துறை."

பாருங்கோவன், ஜேர்மன்காரன்ர ஹோட்டலில ரெண்டே ரெண்டு தமிழர். ஒருத்தரை ஒருத்தர் பேய் எண்டு பாத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறம். அதை நினைக்க எனக்கு வெக்கமாப் போச்சு. வெக்கம் வந்தால் வாய் திறந்திடும். பிளோறன்ஸைச் சொன்னன், அசோகனைச் சொன்னன், கொறற்றியைச் சொன்னன், புதுக் கட்டிலைக்கூடச் சொன்னன். அவர் வடிவா இருந்து கேட்டார். இடைக்கிடை சின்னச் சின்னக் கேள்வி. எந்தக் கோயிலடி? கடலுக்கு எவ்வளவு தூரம்? மண் மேடோ, பள்ளமோ? நல்ல தண்ணிக் கிணறு இருக்கோ? ஊர்ப் புதினம் கேக்கிற ஆள் மாதிரி. நானும் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் சொல்லுறவள் மாதிரி ஒண்டும் விடாமல் ஒப்புவிச்சன்.

"கொழும்பில எனக்குப் பெரிய இடத்தில ஆக்கள் இருக்கினம். உங்கட ஆக்களைத் தேடித் தாறன்" எண்டு சொல்லி மூண்டு பேரின்ர பேரையும் தன்ர ஃபோனில அடிச்சார். எனக்கு அவற்ர காலில விழலாம் போல இருந்தது.

அண்டைக்குப் பின்னேரம் வீட்ட றொனால்டிட்டச் சொல்ல, அவர் என்ர நெத்தியைத் தொட்டுப் பாத்தார். "உனக்குக் காய்ச்சல். நீ ஒரு ஆளை நம்பியிருக்கிறாய்" எண்டார்.

அடுத்த நாள் அவை வெளிக்கிடுற நாள். நான் கோப்பை அடுக்கிக்கொண்டு நிக்க, ஃபிறவ் ஹெல்மிக் நல்ல புளுகத்தோட முகமெல்லாம் சிரிப்பா வந்தா. ஹெர் நவா மொரிசியஸ் இல்லையாம், உங்கட நாடாம், உனக்குத் தெரியுமோ எண்டு கேட்டா. தெரியும் எண்டன். இப்பிடி ஒரு கோல்ஃப் ஹோட்டல் அங்க கடற்கரையில கட்டப் போறாராம். சண்டை நடந்த இடத்துக்கு எப்பிடி ஆக்களைக் கூட்டி வாறது, அணையைப் பாக்க எத்தனை பேர் வருவினம், கோல்ஃபுக்கு எத்தனை பேர் வருவினம் எண்டு எல்லாம் தன்னட்டக் கேட்டறிஞ்சவராம். "பங்கர் வெட்டுறதுதான் செலவு கூடின வேலை எண்டு சொன்னனான். தங்கட பக்கம் அது ஏற்கனவே நிறைய இருக்காம், மணலும் சும்மா கிடக்காம். நல்ல பகிடிக்காரன்!" எண்டு சொல்லிச் சிரிச்சா.

கையில இருந்த கோப்பையை வைச்சன். எந்தக் கோயிலடி. கடலுக்கு எவ்வளவு தூரம். மண் மேடோ, பள்ளமோ. அட அறுவானே!

மேலங்கியோட வெளியில ஓடினன். பஸ்ஸடியில நிண்டு மட்டைப் பையை ஏத்திக்கொண்டு நிண்டார்.

"தம்பி, எங்கட கரையில கோல்ஃப் அடிக்கப் போறீராம். உண்மையோ?"

ஆள் அசரேல்லை. "உடன இல்லையக்கா. சண்டை எப்பிடியும் முடியும்தானே. இன்னும் ஒரு மாசம், ரெண்டு மாசம். முடிஞ்சாப் பிறகு சனத்துக்குத் தொழில் வேண்டாமோ? வெள்ளைக்காரனுக்குச் சண்டை நடந்த இடமெண்டால் தனி விருப்பம். இஞ்ச பாருங்கோ, எப்பிடி வைச்சிருக்கிறாங்கள். காலமை கோல்ஃப், பின்னேரம்..."

"பின்னேரம் என்ன? எங்களையோ காட்டப் போறீர்?"

"கோவிக்காதேங்கோ. சனம் இன்னும் உள்ளுக்கக் கிடக்குதெண்டு எனக்கும் கவலைதான்."

ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். "கவலைப்படுறவர் நிலத்தை அளந்துகொண்டோ திரியிறவர்?" எண்டன்.

"உங்கட தங்கச்சிக்கும் அதில நன்மைதானக்கா. அந்தக் காணி..."

"அது தங்கச்சியின்ர எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"நேற்று நீங்கள்தானே சொன்னீங்கள். சீதனமாக் குடுத்தது, காணி உறுதி அவவின்ர பேரில எண்டு."

சொன்னனான்தான். பஸ்ஸுக்குள்ள இருந்து இங்கிலிஸ்காரர் எட்டிப் பாக்கினம். அவர் ஃபோனை எடுத்து, அந்த மூண்டு பேரின்ர பேரையும் அடிச்சு வைச்ச இடத்தைத் திறந்து என்னட்டக் காட்டினார்.

"விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ, இப்பவே அழிச்சுப்போடுறன். தேடமாட்டன். அழிக்கவோ?"

பெருவிரல் அழிக்கிற பொத்தானுக்கு மேல நிண்டது. அந்தச் சின்னக் கண்ணாடியில கொறற்றியின்ர பேர் இங்கிலீசில கிடந்தது. எழுத்துப் பிழையாத்தான் அடிச்சிருந்தார். எனக்கு எல்லாம் வடிவா விளங்கினது. இவன் ஆரெண்டும் விளங்கினது, என்னத்துக்குத் தேடுவானெண்டும் விளங்கினது. எரியிற வீட்டில பிடுங்கினது லாபம் எண்டு வந்திருக்கிறவன். ஆனால் தேடுவான். வேற ஆர் தேடப்போயினம்? றொனால்ட் குளிருக்குள்ள பதாகை பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், கொறற்றி எங்க எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. மாதாவும் சொல்லேல்லை, அம்பாளும் சொல்லேல்லை.

"தேடுங்கோ" எண்டன். அதோட, "ஜி ஓ ஆர் இ, பேந்து ரெண்டு ரி, பேந்து ஐ" எண்டு எழுத்தையும் திருத்திக் குடுத்தன்.

மே மாசம் எல்லாம் முடிஞ்சுது எண்டாங்கள். நான் ரிவியை நிப்பாட்டிப்போட்டு அந்தப் புதுக் கட்டிலில போய்க் குந்திக்கொண்டு இருந்தன். ஜூன் போச்சு, ஜூலை போச்சு. சனத்தையெல்லாம் செட்டிகுளத்தில முள்ளுக்கம்பி முகாமுக்குள்ள போட்டிருக்கெண்டு அறிஞ்சம். ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு தெரியாது. நவரத்தினத்தின்ர சத்தமுமில்லை. கெவலாருக்குத் தமிழ் ஆக்களின்ர யாத்திரைக்குப் போனம். மாதாவுக்கு முன்னால நிண்டு, "அந்தக் குள்ளன் களவெடுத்தாலும் பரவாயில்லை, என்ர பிள்ளையைக் கண்டுபிடிக்கட்டும்" எண்டு மண்டாடினன். அப்பிடி ஒரு செபம் மாதா அண்டைக்குத்தான் கேட்டிருப்பா.

யாத்திரை முடிஞ்சு வந்த கிழமை, காலமை மண்டபத்தில நிக்கேக்க ஃபோன் அடிச்சது. தெரியாத நம்பர். தட்டத்தைப் பொத்தெண்டு மேசையில வைச்சுப்போட்டு யன்னலடிக்கு ஓடினன்.

"அக்கா, நான் பிளோறன்ஸ்."

அவளின்ர குரல்தான். கரகரத்துக் கிடந்தது, ஆனால் அவள்தான். "என்ர செல்லமே! என்ர குஞ்சே!" எண்டு கத்தினன். சாப்பிட்டுக்கொண்டு இருந்தவையெல்லாம் திரும்பிப் பாத்தினம். பாக்கட்டும். "எப்பிடி இருக்கிறாய்? அசோகன்? கொறற்றியிட்டக் குடு, அவளின்ர சத்தத்தைக் கேப்பம்!"

"பொறக்கா. ஆக்கள் பின்னுக்கு வரிசையில நிக்கினம். கெதியாச் சொல்லிப்போடுறன். நீ அனுப்பின ஆள் வந்தவர்."

"ஆர்?"

"நவரத்தினம் எண்டு. பெரிய ஆமிக்காரன் ஒருத்தனோட உள்ளுக்க வந்து எங்கட பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். என்ர மனிசன் பயந்து கூடாரத்துக்குள்ள ஒளிச்சிட்டார். பேந்து 'டொறத்தி அக்கா தேடச் சொன்னவ, பேரைக்கூட எழுத்துப் பிழையில்லாமல் சொல்லித் தந்தவ' எண்டாப் பிறகுதான் எனக்கு நெஞ்சில தண்ணி வந்தது. பிஸ்கற், சவுக்காரம் எல்லாம் தந்தவர். இந்த ஃபோனும் அவர் விட்ட ஒழுங்குதான். நல்ல மனிசன் அக்கா."

"என்ன கேட்டவர், பிளோறன்ஸ்?"

"காணிக்குக் கையெழுத்து. நாங்கள் போட்டுக் குடுத்திட்டம். கெதியா வெளியில எடுத்து விடுறன் எண்டவர். நீ அனுப்பின ஆள்தானே எண்டு என்ர மனிசனும் போடச் சொன்னவர்."

"காணி போனால் மயிர் போச்சு. கொறற்றி எங்கடி?"

அவள் பின்னுக்கு நிண்ட ஆருக்கோ "இந்தா முடிக்கிறன்" எண்டாள்.

"பிளோறன்ஸ், கொறற்றி எங்க?"

"அவள் வரேல்லை அக்கா. காணியிலதான் இருக்கிறாள்." பிறகு கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னாள். பாஸ்கு முடிஞ்ச கிழமை. கிணத்தடிக்குப் போனவள், செல் விழுந்தது. வேற கிடங்கு வெட்ட நேரமில்லை. பனையடியில இருந்த பங்கருக்குள்ளயே வளத்தி, அம்மான்ர நீலச் சீலைச் சாக்கை அவிட்டு அந்த மணலாலேயே மூடினவை.

பாஸ்கு முடிஞ்ச கிழமை. நான் இந்த யன்னலடியில நிண்டு சிரிச்ச கிழமை. ஐயோ, என்ர பிள்ளை! நான் யன்னல் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஃபோனைக் காதில இருந்து எடுக்கேல்லை. வெளியில ஒரு இங்கிலிஸ்காரன் மணலுக்குள்ள நிண்டு பந்தை அடிச்சுக்கொண்டு நிண்டான். மணல் பறந்தது. பந்து வரேல்லை. திரும்ப அடிச்சான்.

"அழாதை அக்கா" எண்டாள் பிளோறன்ஸ். அவள் எனக்குச் சொல்லுறாள். "கையெழுத்துப் போட முன்னம் ஒண்டு மட்டும் அவரிட்டக் கேட்டனான். 'தம்பி, காணியை என்னவும் செய்யுங்கோ. பனையடியில ஒரு பங்கர் மணல் மூடிக் கிடக்கு, அதை மட்டும் கிண்டாதேங்கோ, அப்பிடியே விடுங்கோ' எண்டு. ஏனெண்டு சொல்லேல்லை, ஆமிக்காரன் பக்கத்தில நிண்டவன். அவர் சிரிச்சுப்போட்டு, 'ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அக்கா, பங்கர் எங்களுக்கும் வேணும்' எண்டவர்."

வரிசையில நிண்ட ஆரோ அவளைக் கெதியா முடிக்கச் சொல்லிக் கத்தினது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அவருக்கு என்னத்துக்குப் பங்கர்? சண்டைதான் முடிஞ்சுதே?"